ஏழு நகல், ஏழு சொல்

அரசுத் துறை ஒன்றில் கோப்புப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். ஒருநாள் காலை, கையெழுத்தே ஆகாத வரைவு ஆணை ஒன்று வரிக்கு வரி செய்தித்தாளில் வந்துவிட்டது. சந்தேகம் நேராகத் தட்டச்சர் மேல் விழுந்தது. எங்கள் பிரிவில் அவர்தான் கடைநிலை ஊழியர், வேறு காரணம் எதுவுமில்லை. அவருடைய கைபேசியை வாங்கி மேசை மேல் வைத்தார்கள். வீட்டிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்தது. கைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பு வரை நகர்ந்தது, அவரை எடுக்க விடவில்லை.

அடுத்த வரைவுக்கு மேலதிகாரி ஒரு பொறி வைத்தார். ஏழு பேருக்குப் போகும் ஏழு நகலிலும் ஒரு சொல்லை மட்டும் தானே உட்கார்ந்து மாற்றினார். ஒன்றில் 'உடனடியாக', இன்னொன்றில் 'தாமதமின்றி', இப்படி. எந்த நகல் யாருக்கு என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். நாலாம் நாள் செய்தி வந்தது: 'காலந்தாழ்த்தாமல்'. நோட்டைப் புரட்டினால், அது மேல்மாடியில் ஆலோசகர் அறைக்குப் போன நகல்! ஆணைக்கு என்ன எதிர்ப்பு வரும் என்று நாடி பிடித்துப் பார்க்க அவரே கொடுத்திருக்கிறார். விசாரணை அத்தோடு நின்றது. அவருக்கு ஒரு மெமோகூடப் போகவில்லை. தட்டச்சரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

ஆளைப் பிடிக்க வழிகள் உண்டு, மறுக்கவில்லை. 1983இல் அரசின் ரகசியத் தாள்களை நாளிதழுக்குக் கொடுத்த பிரிட்டன் வெளியுறவுத் துறை எழுத்தர் சாரா டிஸ்டால், நகல் எடுத்த இயந்திரத்தின் தடயத்தால் சிக்கினார். 2017இல் அமெரிக்காவில் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் கசியவிட்ட அரசு அறிக்கையை அச்செடுத்தவர்கள் மொத்தமே ஆறு பேர்தான். அதனால் அவரைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. ஆனால் வேட்டை வெறியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அதிபர் நிக்சனின் அரசே சாட்சி. 1971இல் பென்டகன் ஆவணங்கள், அதாவது வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வு, செய்தித்தாளில் வெளிவந்ததும் கசிவை அடைக்கவென்று வெள்ளை மாளிகையில் 'பிளம்பர்கள்' என்றொரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு, ஆவணங்களைக் கசியவிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்துக்குள் சட்டவிரோதமாகப் புகுந்தது. அரசின் இதுபோன்ற அத்துமீறல்களாலேயே 1973இல் எல்ஸ்பெர்க் மீதான வழக்கு தள்ளுபடியானது.

எங்கள் அலுவலகத்தில் கசிவு குறைந்தது அடுத்து வந்த அதிகாரி காலத்தில்தான். முதல் வேலையாக 'ரகசியம்' முத்திரையைக் கையில் எடுத்தார். நாற்காலி வாங்கும் கோப்பில்கூட அது குத்தியிருந்தது! எல்லாமே ரகசியம் என்றால் எதையும் யாரும் ரகசியமாக மதிப்பதில்லை. திறக்காத ஒப்பந்தப்புள்ளி, தகவல் கொடுத்தவர் பெயர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முத்திரையை வைத்துக்கொண்டார். அவற்றை யார், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற பதிவும் இருந்தது. மற்றபடி, நிருபர் கேட்டால் அன்றைக்கே பதில். அப்புறம், முடிவு தவறு என்று நினைப்பவர் கோப்பிலேயே எழுதலாம், ஒரு வாரத்தில் அவருக்குப் பதில் வரும். தன் பேச்சு எடுபடும் இடம் உள்ளேயே இருக்கும்போது நிருபரைத் தேடிப் போவது குறையும், என் அனுபவத்தில் குறைந்தது.

அந்தத் தட்டச்சரும் ஒருமுறை அப்படி எழுதினார், ஓர் ஆணையில் தேதி தவறு என்று. மூன்றாம் நாள் திருத்தம் வந்தது.