நம்மூர் மாதேவியார்: கல்வெட்டில் 60 ஆண்டு

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

மாதேவியார் பிறந்த நாளான சித்திரை கேட்டை நெருங்கினாலே குழுவில் ஒரே கேள்விதான் சுற்றுகிறது. ஊருக்குப் பேர் தந்த சோழ அரசி செம்பியன் மாதேவியாரைப் பற்றி உறுதியாக என்ன தெரியும், சரித்திர நாவலில் படித்ததில் எவ்வளவு நிசம்? விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயது. திருச்சி உய்யக்கொண்டான் திருமலையில், முதலாம் பராந்தகரின் 34-ஆம் ஆட்சியாண்டில் (941) நந்தா விளக்குக்கு (அணையாமல் எரியும் கோயில் விளக்கு) கொடை தந்தவராக முதல்முறை தெரிய வருகிறார். கடைசியாக விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில், இராசராசரின் 16-ஆம் ஆண்டில் (1001) கற்றளி (கல் கோயில்) எடுத்திருக்கிறார். இடையில் 60 ஆண்டு. 941-இல் புதிதாகக் கல்யாணமாகி வந்த சின்னப் பெண் என்றே வைத்துக்கொண்டாலும், திருவக்கரையின்போது 75-க்குக் குறையாது. மாமனார் பராந்தகர், கணவர் கண்டராதித்தர், கொழுந்தனார் அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர், தன் மகன் உத்தமர், பேரன் முறையான இராசராசர் என்று ஆறு பேர் ஆட்சியைப் பார்த்தவர். பிறந்த வீடு மழவரையர் குடி. "மழவரையர் மகளார்" என்றே கல்வெட்டுகள் சொல்லும்.

விளக்குக் கொடை என்றால் எண்ணெய் வாங்கிக் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். பராந்தகர் காலத்து வழக்கப்படி ஒரு நந்தா விளக்குக்கு 90 ஆடு. பின்னால் இராசராசர் காலத்தில் 96. ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்தால் அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் (நாழியில் கால் பங்கு) கோயிலுக்கு அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பதில் குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதினார்கள். அந்த அம்மாவின் பக்தி முழுக்க இப்படிக் கணக்கோடு வருவது. உருகிக் கண்ணீர் விட்ட கைம்பெண் என்று நாடகத்தில் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

கண்டராதித்தர் மறைந்தது ஏறத்தாழ 957. தில்லை மேல் அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. மகன் அப்போது சிறுபிள்ளையாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பட்டம் அரிஞ்சயர் வழிக்குப் போயிற்று. பிறகு சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். 970-71 வாக்கில் உத்தமர் அரியணை ஏறினார். சிற்றப்பன் உத்தமருக்கு ஆசை இருக்கும் வரை அரசை மனத்தாலும் நினையேன் என்று அருள்மொழி (பின்னாளில் இராசராசர்) ஒதுங்கியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இந்தக் குழப்பத்தில் மாதேவியார் எந்தப் பக்கம் பேசினார் என்பதற்குக் கல்லில் ஒரு வரி கிடையாது. நாவலில் வரும் வசனமெல்லாம் கற்பனை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மகன் போய் இராசராசர் வந்த பிறகும் அவருடைய கொடையும் கட்டுமானமும் நிற்கவில்லை. உத்தமர் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராசராசரிடம் கோயில் கணக்குகளை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தான். இரண்டு கிளையும் பகையாளிகளாகப் பிரிந்திருந்தால் இது நடக்காது.

கூட்டிப்போகிறவர்கள் கோனேரிராசபுரத்திலிருந்து தொடங்குங்கள். பழைய பெயர் திருநல்லம். கும்பகோணம் - காரைக்கால் சாலையில் எஸ்.புதூர் வந்து உள்ளே திரும்ப வேண்டும். கருவறையின் தென்சுவர்ப் பக்கம் ஒரு சிறு புடைப்புச் சிற்பம்: கண்டராதித்தர் லிங்கத்தைத் தொழுகிறார். கீழே எழுத்து. தம் மகன் உத்தம சோழர் அரசாளும்போது, "தம்முடையார் ஸ்ரீகண்டராதித்த தேவர் திருநாமத்தால்" கற்றளி எடுத்து, அவர் இறைவனைத் தொழுவதாக இங்கே எழுந்தருளுவித்தார் என்று முடிகிறது. கணவர் இறந்து ஏழெட்டு ஆண்டு கழித்துச் செய்ததன்று. குறைந்தது 13 ஆண்டாவது ஆகியிருக்கும். கோயில் இவர் எடுத்தது, பேர் அவருக்கு. அதோடு நிற்கவில்லை. கட்டிய தலைவனையும் பேர் சொல்லிப் பதித்திருக்கிறார்: ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் ஆன அரசரணசேகரன். அவனுக்கு இராசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் உண்டு. வேலை செய்தவன் பேரைக் கல்லில் ஏற்றும் குணம் அரச வீட்டில் அபூர்வம்.

என் கணக்கில் அவர் குணத்துக்குப் பெரிய சாட்சி திருக்கோடிகாவல். செங்கல் கோயிலைப் பிரித்துக் கல்லால் எடுக்கும்போது, பழைய பல்லவர் காலக் கொடைகள் வெட்டிய கற்கள் தனித்தனியாகக் கிடந்தன. அவை போனால் நிலமும் விளக்கும் கொடுத்தவர்களின் ஆவணமே போய்விடும். பின்னால் எவனாவது நிலத்தை மடக்கினால் கேட்க முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். தலைப்பில் "இதுவும் ஒரு பழங்கற்படி" (பழைய கல்லின் நகல்) என்று தெளிவாகக் குறிப்பு. முன்னோர் கொடையைத் தன் கொடையாகக் காட்டிக்கொள்ள நல்ல சந்தர்ப்பம், அவர் செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்து திருப்பணிக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படியுங்கள். தரையை உயர்த்தி டைல்ஸ் போட்டால் அடித்தளத்து எழுத்து உள்ளே போய்விடும். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் எழுத்தின் விளிம்பே மழுங்கும். படியெடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்புங்கள்.

மற்ற ஊர்களை வேகமாகச் சொல்கிறேன்: ஆடுதுறை, குத்தாலம், திருமணஞ்சேரி, ஆனாங்கூர், ஆரூர் அரநெறி, விருத்தாசலம். விருத்தாசலத்தில் விமானத்தோடு திருச்சுற்றாலை (சுற்று மண்டபம்), கோபுரம், பரிவாரக் கோயில்கள் என்று வளாகமாகவே எடுத்திருக்கிறார். இவர் கோயில் என்று அடையாளம் காணச் சுவர் மாடங்களை எண்ணுங்கள். முந்தைய சோழர் தளிகளில் கருவறைக்கு மூன்று திசையில் மூன்று கோட்டம் (மாடம்) இருந்தால் பெரிது. இவர் காலத்தில் கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபச் சுவரிலும் கோட்டங்கள் பெருகின. தென்சுவரில் பிள்ளையார், அகத்தியர் பக்கத்தில் ஆடவல்லான் (நடராசர்) வந்து நிற்பது இவர் வழக்கம்.

கல்வெட்டு படிக்கும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. சோழர்கள் மாறி மாறி இராசகேசரி, பரகேசரி என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். வெறும் "கோப்பரகேசரி" என்றிருந்தால் யார் என்று சொல்ல முடியாது. "மதிரை கொண்ட" சேர்ந்தால் பராந்தகர். "பாண்டியன் தலை கொண்ட" என்றால் ஆதித்த கரிகாலன். அம்மாவின் பேருக்கு முன் உத்தம சோழரைத் "திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்" (பெற்றெடுத்த அரசி) என்று வந்தால், அது மகன் பட்டம் ஏறிய பிறகு வெட்டியது. கல்லெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குறில் நெடில் கொம்பு வித்தியாசமும் இருக்காது. காலை அல்லது சாயங்காலச் சாய்வெயிலில் படமெடுத்தால் எழுத்து தூக்கிக் காட்டும். மாவோ எண்ணெயோ தடவ வேண்டாம்.

இனி நம்மூர். செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலம் (பிராமணர்களுக்குத் தந்த ஊர்) அவர் பேரில் அமைந்தது; கைலாசநாதர் கோயில் அவர் எடுத்தது. சித்திரை கேட்டை அவர் பிறந்த நாள் என்பதும் இங்குள்ள கல்வெட்டால் தெரிவதுதான். அந்த நாளுக்குக் கொடை வைத்தவர்கள் உத்தமரின் மனைவியர், அதாவது மருமகள்கள். மாமியார் பிறந்த நாளுக்கு மருமகள்கள் கொடை! மாமியாரிடம் மரியாதை இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திரர் காலத்தில், 1019-இல், அவருடைய திருவுருவத்தை இங்கே எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கு வகை செய்தார்கள்.

அந்த உருவம் வாஷிங்டன் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் இருப்பதுதானா என்று கேட்கிறவர்களுக்கு: அங்குள்ள செப்புத் திருமேனி 107.3 செ.மீ. உயரம். உயர்ந்த மகுடம், சரிந்த தோள், நீண்ட உடல். வலக்கை பூ ஏந்தும் பாவனை, இடக்கை தொங்கல். 1929-இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. 2022-இல் நம் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, அது நம்மூர்க் கோயிலுக்குரியது என்று சொன்னது. சிலையில் எழுத்து இல்லை. மாதேவியார் என்பது அமைப்பை வைத்துச் சொல்வது. உமையம்மை என்போரும் உண்டு. ஆகவே நம் வாதம் நிற்க வேண்டுமானால், 1929-க்கு முன் இங்கே இருந்ததைக் காட்டும் பழைய படமோ கோயில் சொத்துப் பட்டியலோ வேண்டும். தாத்தா காலத்துப் பெட்டிகளில் அப்படி ஏதாவது இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து குழுவுக்கு அனுப்புங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் போகும் முன் அந்தத் திருமேனி காட்சியில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு எண் எஃப்1929.84.