புதுப்பிப்பு: பெரியம்மாவின் மூட்டு வீக்கம்

ஆரையம்பதியில் இருக்கும் பெரியம்மாவின் விரல் மூட்டுகள் அடிபடாமலே ஏன் வீங்குகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் என்று கிளினிக்கில் உறுதி செய்துவிட்டார்கள்.

காரணம் தேடிப் படித்தபோது மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற மருத்துவ ஆய்வாளர்கள் இருவரின் ஆய்வில் மனம் ஒன்றிவிட்டது. நோயெதிர்ப்புக் கலங்களை உசுப்பிவிடும் புரதங்கள் பல. அவற்றுள் டிஎன்எஃப் என்ற ஒன்றைத் தடுத்தாலே மற்றவையும் தணிவதை நோயாளிகளின் மூட்டுக் கலங்களில் கண்டார்கள். 1992இல் லண்டனில் அதைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனை துணிச்சல்!

பெரியம்மாவுக்கு அந்த மருந்து அல்ல, நோயெதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை தொடங்கியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிளினிக் கொப்பியின் அட்டையில் ‘ஞாயிறு மட்டும்’ என்று சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருக்கிறேன். பலன் தெரியச் சில வாரங்களாகும். அடுத்த இரத்தப் பரிசோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.