‘இலேயே’ போட்டுப் பார்த்தாயா?

குழு: நம் வீடு

நான் (இரவு 8:05): பெரியக்கா, வேலை முடிந்ததா? நாளைக் காலை ஒரு புது வாடிக்கையாளருக்கு முதல் மெயில் போக வேண்டும். நம் அட்டைப்பெட்டிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை பார்த்துச் சொல்கிறாயா?

நான் (8:06): “வீ ஆர் தி மோஸ்ட் சீப்பெஸ்ட் சப்ளையர். வீ ஆர் ஒன் ஆஃப் தி பெஸ்ட் கம்பெனி. தி பாக்ஸஸ் ஹேவ் மோஸ்ட் யூனிக் டிசைன் அண்ட் ஹையஸ்ட் குவாலிட்டி. வீ வில் கிவ் யூ லோயஸ்ட் பிரைஸ். ப்ளீஸ் சீ தி லாஸ்ட் கேட்டலாக். கைண்ட்லி ரிப்ளை அட் தி எர்லியஸ்ட்.”

பெரியக்கா (8:14): படித்தேன். ஆறு வாக்கியம், ஏழு சூப்பர்லேட்டிவ், அதாவது ‘எல்லாவற்றையும்விட’ என்று உச்சத்தைச் சொல்லும் சொல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரியக்கா (8:16): முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். ‘மோஸ்ட்’ வந்தால் ‘எஸ்ட்’ வராது. ஓரசைச் சொல்லுக்கு ‘எஸ்ட்’: சீப்பெஸ்ட், ஃபாஸ்டெஸ்ட். நீளமான சொல்லுக்கு ‘மோஸ்ட்’: மோஸ்ட் ரிலையபிள், மோஸ்ட் எக்ஸ்பென்சிவ். ஈஸி, பிஸி போல முடியும் ஈரசைச் சொற்கள் ஈஸியஸ்ட், பிஸியஸ்ட் ஆகும். குட், பேட் இரண்டும் தனி வழி: பெஸ்ட், வொர்ஸ்ட். ஷேக்ஸ்பியர் காலத்தில் மோஸ்டையும் எஸ்டையும் சேர்த்தே எழுதினார்கள். இன்று வணிகக் கடிதத்தில் அது பிழைதான்.

நான் (8:17): சரி, ‘வீ ஆர் தி சீப்பெஸ்ட் சப்ளையர்’ என்று மாற்றிவிட்டேன். இப்போது சரியா?

பெரியக்கா (8:17): இலக்கணம் சரி. யார் யாரைவிட மலிவு?

நான் (8:18): அப்படி யாரையும் நினைக்கவில்லை அக்கா. ரொம்ப மலிவு என்றுதான் சொல்ல வந்தேன்.

பெரியக்கா (8:23): அந்த இடத்தில்தான் நமக்குக் கால் வழுக்குகிறது. தமிழில் ‘மிகப் பெரிய’ என்றால் ரொம்பப் பெரிய என்றும் பொருள், எல்லாவற்றையும்விடப் பெரிய என்றும் பொருள். ‘மிகச் சிறந்த நிறுவனம்’ என்று எழுதும்போது மற்ற நிறுவனங்களை அளந்து பார்த்தா எழுதுகிறோம்? மனதாரப் பாராட்டுகிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனித்தனி. ‘வெரி குட்’ பாராட்டு. ‘தி பெஸ்ட்’ என்றால் மற்ற எல்லாம் இதற்குக் கீழே என்ற தகவல். நம் மனதில் ‘மிக’ ஓடுகிறது, கை ‘எஸ்ட்’ என்று எழுதிவிடுகிறது.

பெரியக்கா (8:27): ஆனால் ஆங்கில சூப்பர்லேட்டிவுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒன்று தமிழில் இருக்கிறது. ‘இலேயே’. ‘வகுப்பிலேயே உயரமானவன்.’ ‘மூன்றிலேயே சிறியது.’ இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு கூட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும், வெறும் ‘இலேயே’ நிற்காது. அதனால் எஸ்ட் எழுதும் முன் தமிழில் ‘இலேயே’ போட்டுப் பார். முன்னால் உள்ள இடம் நிரம்பினால் எழுது. நிரம்பவில்லை என்றால் உனக்கு வேண்டியது ‘வெரி’.

நான் (8:29): “எங்கள் பெட்டி ______இலேயே மலிவு.” நிரப்ப முடியவில்லை. போட்டியாளர்கள் எல்லாருடைய விலையும் எனக்குத் தெரியாது.

சித்தப்பா (8:31): நல்ல கேள்வி கேட்டாள் பெரியவள். அந்த வாடிக்கையாளரும் இதையே கேட்பார்.

பெரியக்கா (8:34): நிரம்பிய பிறகு அந்தக் கூட்டத்தை ஆங்கிலத்திலும் எழுதிவிடு. இடம், நிறுவனம், துறை என்றால் ‘இன்’: தி லார்ஜஸ்ட் இன் தி கம்பெனி. எண்ணிச் சொல்லக்கூடியவை என்றால் ‘ஆஃப்’: தி ஃபாஸ்டெஸ்ட் ஆஃப் தி த்ரீ. காலத்தையும் எல்லையாக வைக்கலாம். ‘தி ஹையஸ்ட் சேல்ஸ் இன் ஃபைவ் இயர்ஸ்’ என்று பார்த்தால் எனக்கு உடனே நம்பிக்கை வரும். வெறும் ‘ஹையஸ்ட் சேல்ஸ்’ என்றால் ஒன்றும் விளங்காது. ஒப்பிட இரண்டுதான் இருக்கிறது என்றால் சூப்பர்லேட்டிவே வேண்டாம்: ‘தி பெட்டர் ஆஃப் தி டூ’.

நான் (8:36): ‘ஹையஸ்ட் குவாலிட்டி’க்கு முன் ‘தி’ வர வேண்டுமா? எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எப்போதும் குழப்பம்.

பெரியக்கா (8:40): வர வேண்டும். கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் சுட்டுகிறாய், அதற்குத்தான் ‘தி’. யாருடையது என்று சொல்லிவிட்டால் தேவையில்லை: யுவர் பெஸ்ட் பிரைஸ், மை ஷார்ட்டெஸ்ட் ரிப்போர்ட். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: ‘தி’ இல்லாத ‘மோஸ்ட்’ நம்முடைய ‘மிக’வேதான். ‘வீ ஆர் மோஸ்ட் கிரேட்ஃபுல்’ என்றால் மிக்க நன்றி. ‘எ மோஸ்ட் யூஸ்ஃபுல் மீட்டிங்’ என்றால் ரொம்பப் பயனுள்ள கூட்டம். ‘தி மோஸ்ட் யூஸ்ஃபுல் மீட்டிங்’ என்றால் எல்லாக் கூட்டங்களிலேயே பயனுள்ளது. ஒரு சின்ன ‘தி’, மிகவை இலேயே ஆக்கிவிடுகிறது.

நான் (8:41): இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதே இல்லை.

அண்ணி (8:45): இப்போதுதான் பார்த்தேன். தம்பி, ‘மோஸ்ட் யூனிக்’ எடுத்துவிடுங்கள். யூனிக் என்றாலே ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்றில் கூடக் குறைய ஏது? பர்ஃபெக்ட், ஃபைனல் இவையும் அப்படித்தான். எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி வருவது ‘மோஸ்ட் ஆப்டிமம்’. லத்தீனில் ஆப்டிமஸ் என்றாலே ‘எல்லாவற்றிலும் நல்லது’. மேக்ஸிமம், மினிமம் இரண்டும் அதே மொழியின் சூப்பர்லேட்டிவ்கள்தான். அவற்றுக்கு மேல் மோஸ்ட் போட்டால் சீப்பெஸ்டுக்கு மேல் மோஸ்ட் போட்ட கதை.

அண்ணி (8:47): ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் கம்பெனி’ என்பதில் ‘கம்பெனீஸ்’ என்று பன்மை வர வேண்டும். பலவற்றுள் ஒன்று அல்லவா.

பெரியக்கா (8:48): ஆமாம், அதை விட்டுவிட்டேன். நன்றிம்மா. அந்த வாக்கியமே வேண்டாம் என்பது என் எண்ணம். ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ அடக்கமாகத் தெரியும், ஆனால் எத்தனை பேருள் ஒருவர் என்று சொல்லாது. படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

நான் (8:50): அண்ணி, நீங்கள் விளம்பரத்தில் இருக்கிறீர்கள். விளம்பரங்களில் எல்லாரும் பெஸ்ட், நம்பர் ஒன் என்றுதானே போடுகிறார்கள்?

அண்ணி (8:57): போடுகிறார்கள். ஆனால் பெஸ்ட் வேறு, சீப்பெஸ்ட் வேறு. பெஸ்ட் என்பது பெரும்பாலும் கருத்து. ஜில்லெட் 1989-இல் ‘தி பெஸ்ட் எ மேன் கேன் கெட்’ என்று ஆரம்பித்தது. அதை யாரும் அளவுகோல் வைத்து அளக்க முடியாது. சீப்பெஸ்ட், ஃபாஸ்டெஸ்ட், லார்ஜஸ்ட் அப்படியல்ல, எண்ணால் சரிபார்க்கலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்படிச் சரிபார்க்கக்கூடியதை விளம்பரத்தில் சொன்னால் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். சீனா இன்னும் கடுமை. 2015-இல் திருத்திய விளம்பரச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ‘ஆகச் சிறந்த’, ‘உச்ச தரமான’ போன்ற சொற்களையே விளம்பரத்தில் தடுக்கிறது. வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்று பார்த்துத்தான் நான் எழுதுவேன்.

அண்ணி (8:59): இன்னொன்று. முதலிடம் இல்லாமலும் நன்றாக எழுதலாம். வாடகைக் கார் நிறுவனமான ஏவிஸ் 1962-இல் தான் இரண்டாம் இடம்தான், அதனால் கூடுதலாக முயல்கிறேன் என்று விளம்பரம் செய்தது. அங்கே வந்தது சூப்பர்லேட்டிவ் இல்லை, ‘ஹார்டர்’ என்ற கம்பேரடிவ், ‘அதைவிட’ என்று ஒப்பிடும் சொல். இன்றும் அதைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

அம்மா (9:02): சீப் என்றால் மட்டமான சரக்கு என்றும் நினைப்பார்களே. அந்தச் சொல் எதற்கு?

பெரியக்கா (9:03): சரியாகச் சொன்னாய் அம்மா. தம்பி, விலையைப் பற்றிச் சொல்வதென்றால் ‘தி லீஸ்ட் எக்ஸ்பென்சிவ்’ அல்லது ‘தி மோஸ்ட் அஃபோர்டபிள்’ என்று எழுது. சீப்பெஸ்ட் தரத்தையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும்.

சித்தப்பா (9:10): விலை என்றதும் நான் சொல்ல வேண்டியது ஒன்று. ‘வீ வில் கிவ் யூ லோயஸ்ட் பிரைஸ்’ என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷம் ஒப்பந்தம் படித்தவன் கண்ணுக்கு அது வாக்குறுதி. நாளை இன்னொருவருக்கு அதைவிடக் குறைத்துக் கொடுத்தாய் என்று தெரிந்தால், இவர் இந்த மெயிலை எடுத்து நீட்டுவார். சில ஒப்பந்தங்களில் ‘மோஸ்ட் ஃபேவர்ட் கஸ்டமர்’ என்று தனிப் பிரிவே வைத்து, வேறு யாருக்காவது விலை குறைந்தால் எனக்கும் குறை என்று எழுதி வாங்குவார்கள். உனக்கு அது கட்டுப்படியாகுமா?

நான் (9:11): நிச்சயம் ஆகாது. அளவைப் பொறுத்து விலை மாறும்.

சித்தப்பா (9:17): அப்படியானால் விலையை மட்டும் எழுது, லோயஸ்டை விடு. இந்த ‘மோஸ்ட் ஃபேவர்ட்’ எனக்குப் பிடித்த சொல். 1947-இல் கையெழுத்தான காட் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பிரிவே ‘மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்’ பற்றியது. கேட்டால் ஒரு நாட்டுக்கு மட்டும் தனிச் சலுகை போல இருக்கும். உண்மையில் ஒருவருக்குக் கொடுத்த சலுகையை உறுப்பினர் எல்லாருக்கும் கொடு என்பதுதான் அதன் பொருள். இன்னொன்று ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’, முடிந்த முழு முயற்சி. ஆங்கிலேயச் சட்டத்தில் அது ‘ரீசனபிள் எண்டெவர்ஸ்’ (நியாயமான முயற்சி) என்பதைவிடக் கனமான பொறுப்பு. ‘வீ வில் யூஸ் பெஸ்ட் எண்டெவர்ஸ்’ என்பதை மரியாதைக்காகப் போட்டுவிடாதே.

நான் (9:19): ‘ப்ளீஸ் கோட் யுவர் பெஸ்ட் பிரைஸ்’ என்று அவரே கேட்டிருக்கிறார் சித்தப்பா.

சித்தப்பா (9:21): வாங்குபவர் வாயில் பெஸ்ட் என்றால் குறைந்த விலை. கொடு, ஆனால் ‘பெஸ்ட் அண்ட் ஃபைனல் ஆஃபர்’ என்று நீயாக எழுதாதே. எழுதினால் அதற்குமேல் இறங்க மாட்டேன் என்று அர்த்தம். பிறகு இறங்கினால் உன் அடுத்த ஃபைனலை யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரியக்கா (9:28): கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். ‘அட் தி எர்லியஸ்ட்’. இது எனக்கே நடந்தது. ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘வீ வில் சென்ட் தி டிராயிங் ஆன் ஃப்ரைடே அட் தி எர்லியஸ்ட்’ என்று எழுதினேன். சீக்கிரமாக, வெள்ளிக்குள் அனுப்பிவிடுகிறோம் என்பது என் மனதில். அவர்கள் படித்தது ‘வெள்ளிக்கு முன்னால் வரவே வராது’ என்று. ஆங்கிலத்தில் அதற்கு அதுதான் பொருள். நாங்கள் புதன்கிழமையே அனுப்பிவிட்டோம். அவர்கள் ஆட்களைத் திங்கள்கிழமைக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஓடி ஓடிச் செய்த வேலை நான்கு நாள் சும்மா கிடந்தது. அன்று எனக்கு அழுகையே வந்தது.

நான் (9:29): நானும் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன் அக்கா.

பெரியக்கா (9:33): நம்மில் பலர் ‘சீக்கிரம்’ என்ற பொருளில் எழுதுகிறோம். நமக்குள் புரிந்துவிடும். வெளியே போனால் மாறிவிடும். ‘இதற்குமேல் தாமதம் கூடாது’ என்பதற்கு ‘அட் தி லேட்டஸ்ட்’: பை ஃப்ரைடே அட் தி லேட்டஸ்ட். ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ மரியாதையானதுதான், ஆனால் முடிவை அவர் வசதிக்கு விட்டுவிடுகிறாய். அவசரம் இருந்தால் நாளைச் சொல்லிவிடு.

அண்ணி (9:35): ‘லாஸ்ட் கேட்டலாக்’ என்றால் இனி கேட்டலாக்கே போடமாட்டோம் என்றும் படிக்கலாம் தம்பி. ‘லேட்டஸ்ட்’ என்று மாற்றுங்கள்.

நான் (9:52): எல்லாரும் சொன்னதை வைத்துத் திரும்ப எழுதினேன். “வீ மேக் பேக்கிங் பாக்ஸஸ் இன் 12 சைஸஸ். தி ஸ்ட்ராங்கெஸ்ட் ஆஃப் தி 12 ஹோல்ட்ஸ் 30 கிலோகிராம்ஸ். வீ டெலிவர் ரிப்பீட் ஆர்டர்ஸ் இன் 7 டேஸ். தி லேட்டஸ்ட் கேட்டலாக் அண்ட் பிரைஸ் லிஸ்ட் ஆர் அட்டாச்ட். குட் யூ ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே அட் தி லேட்டஸ்ட்?”

பெரியக்கா (9:54): ‘பன்னிரண்டிலேயே உறுதியானது.’ நிரம்பிவிட்டது. 30 கிலோ சோதித்துப் பார்த்ததுதானே?

நான் (9:55): ஆமாம், நானே நின்று பார்த்தேன். சோதனை அறிக்கையும் இருக்கிறது.

சித்தப்பா (9:56): அறிக்கையையும் இணைத்துவிடு.

அம்மா (9:58): படித்தேன். ‘வீ ஆர் தி பெஸ்ட்’ காணோமே?

நான் (9:59): எடுத்துவிட்டேன் அம்மா. 7 நாள் என்று போட்டிருக்கிறேன்.

அம்மா (10:00): 7 நாளில் முடியுமா?

நான் (10:01): ரிப்பீட் ஆர்டர் என்றால் முடியும். முதல் ஆர்டருக்கு 12 நாள் ஆகும்.

பெரியக்கா (10:02): அப்படியானால் அதையும் எழுது. அவர் போடப்போவது முதல் ஆர்டர்.

நான் (10:06): சேர்த்துவிட்டேன்: ‘ஃபர்ஸ்ட் ஆர்டர்ஸ் டேக் 12 டேஸ்.’ அறிக்கையும் இணைத்தாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அனுப்புகிறேன்.