தவிட்டுத் தொட்டி (பின், bin) அடைத்துக்கொள்கிறது, தட்டினாலும் இறங்கவில்லை: யோசனை சொல்லுங்கள்

தீவன மில், நாமக்கல்:
வணக்கம். கோழித் தீவன மில் நடத்துகிறோம். எண்ணெய் எடுத்த தவிடு கொட்டும் பின் 4 அடிக்கு 6 அடி, உயரம் 16 அடி, 4 டன் பிடிக்கும். அடியில் நாலு பக்கமும் 50 பாகைச் சரிவு. வாய் 1 அடிக்கு 3 அடி, அதன் கீழே, சுழன்று தவிட்டை மிக்சருக்குத் தள்ளும் ஸ்க்ரூ கன்வேயர். திங்கட்கிழமை காலையில் ஸ்க்ரூ சுற்றும், தவிடு வராது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மிக்சருக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் மட்டும் கிணறு மாதிரி ஒரு குழி, மற்றதெல்லாம் சுவராக நிற்கிறது. வைப்ரேட்டர் வைத்தோம். சுத்தியலால் அடித்து அடித்துத் தகரமே நசுங்கிவிட்டது. இன்னும் ஒரு டன் கொட்டினால் பாரத்தில் இறங்கிவிடும் என்கிறார் ஃபோர்மேன். கொட்டலாமா?

பழைய ஃபிட்டர்:
கொட்டாதீங்க தம்பி. அதைவிட முக்கியம், குத்திவிட யாரையும் உள்ளே இறக்காதீங்க. நிற்கிற சுவர் சரிந்தால் ஆள் மூடிப்போவார், கத்தக்கூட நேரம் இருக்காது. ஸ்க்ரூவை நிறுத்தி, ஸ்விட்சைப் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து நீளக் கம்பால் குத்துங்க.

பின் வடிவமைப்பு வேலை:
ஃபோர்மேன் தண்ணீர்த் தொட்டிக் கணக்குப் போடுகிறார். தவிடு பின்னின் தகரச் சுவரை உரசி நிற்கும், பாரத்தில் பெரும்பங்கு சுவருக்குப் போய்விடும். 1895இலேயே ஜெர்மானியப் பொறியாளர் யான்சன் தானியத்தை வைத்து இதை அளந்து காட்டினார்: அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போனால் அடி அழுத்தம் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் மேலே கொட்டுவது வாயைத் திறக்காது, இருப்பதை இறுக்கத்தான் செய்யும். ஒரு பிடி தவிட்டை அழுத்திப் பாருங்கள். பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்கிறதா? அப்படியென்றால் வாய்க்கு மேலே வளைவு கட்டித் தன்னையே தாங்கிக்கொள்ளும்.

குழி ஓரத்தில் மட்டும் என்றீர்களே, அதுதான் துப்பு. உங்கள் ஸ்க்ரூவில் இலைகளுக்கு (தண்டைச் சுற்றியுள்ள சுருள் தகடுகளுக்கு) இடைவெளி முழுக்க ஒரே அளவா?

தீவன மில், நாமக்கல்:
ஆமாம் சார், எல்லாம் 6 அங்குலம். தவிடும் கொழுக்கட்டையாக நிற்கிறது.

பின் வடிவமைப்பு வேலை:
சரி, பிடிபட்டது. மிக்சருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பின்கோடி இலைகள் அங்கேயே நிரம்பிவிடுகின்றன. முன்னால் வரும்போது புதிதாக வாங்க இடமில்லை. 3 அடி வாயில் ஓர் ஓரம்தான் வேலை செய்கிறது. பின்கோடியில் இடைவெளியைக் குறைத்து, மிக்சர் பக்கம் போகப்போகக் கூட்டி இலை வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சரிவுப் பக்கம் 50 பாகை என்றால் இரண்டு பக்கம் சேரும் மூலை 40 பாகைதான். அங்கே வளைந்த தகடு வைத்து, உள்ளே வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஷீட் ஒட்டலாம். நசுங்கிய தகரத்தையும் மாற்றுங்கள், ஒவ்வொரு குழிவும் தவிடு உட்கார ஒரு படி. வைப்ரேட்டர் ஸ்க்ரூ ஓடும்போது மட்டும், சில விநாடிகள்தான். வாய் மூடியிருக்கும்போது ஓட்டினால் மூட்டையைக் குலுக்கி இறுக்குவது மாதிரி ஆகிவிடும்.

பழைய ஃபிட்டர்:
அப்புறம், சனிக்கிழமை பின்னைக் காலி பண்ணிட்டுப் போங்க. ஞாயிறு முழுக்க நின்றால் எந்தத் தவிடும் இறுகும்.

தீவன மில், நாமக்கல்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்க்ரூ இலை மாற்றினோம், மட்டம் முழு நீளத்துக்கும் ஒன்றாக இறங்குகிறது. மூலை வேலை இன்னும் பாக்கி, வடகிழக்கு மூலையில் ஒரு கூடைத் தவிடு தினமும் ஒட்டி நிற்கிறது. சுத்தியலை ஃபோர்மேனிடமிருந்து வாங்கிப் பூட்டி வைத்துவிட்டேன்.