டார்கெட் ஃபீல்டில் முதல் ஆட்டம்: மே மாதக் குளிரில் அப்பாவை அழைத்துப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

மலைக்கோட்டை (மே 2010):

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக மினியாபொலிஸின் பேஸ்பால் அணியான மினசோட்டா ட்வின்ஸ் ஆட்டங்களைக் கூரை மூடிய பழைய மைதானமான மெட்ரோடோமில் பார்த்துப் பழகியவன் நான். போன அக்டோபர் 6 அன்று சமநிலையை முறிக்க டெட்ராய்ட்டுடன் கூடுதலாக நடந்த 163-வது ஆட்டத்துக்கும் போயிருந்தேன். 12-வது இன்னிங்ஸில் 6-5 என்று ஜெயித்தபோது போட்ட கூச்சலில் இரண்டு நாள் எனக்குத் தொண்டை திறக்கவில்லை. ஏப்ரல் 12 அன்று புது மைதானமான டார்கெட் ஃபீல்டில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை 5-2 என்று வென்ற முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க முடிந்தது.

இப்போது அடுத்த வாரம் இரவு 7.10 ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கிடைத்திருக்கிறது. ரைட் ஃபீல்டு, அதாவது பேட்டருக்கு வலப்பக்கக் கோடியில் உள்ள சுவருக்கு மேலே உள்ள வரிசை. கூட வருவது என் அப்பா. வயது 68, முழங்கால் வலி உண்டு. திருச்சியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்தவர், பேஸ்பாலை இதுவரை நேரில் பார்த்ததில்லை.

டோமில் வானிலையைப் பற்றி யோசித்ததே இல்லை. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே சட்டையோடு உட்காரலாம். இது திறந்தவெளி, மேலே கூரை கிடையாது. இரவில் எவ்வளவு குளிரும்? மழை வந்தால் டிக்கெட் காசு போய்விடுமா? நான் ப்ளூமிங்டன் பக்கம் இருக்கிறேன், காரில் போவதா ரயிலில் போவதா? அப்பா சுத்த சைவம், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ட்வின்ஸ்91:

அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்பதே சந்தோஷம். நான் இதுவரை நான்கு ஆட்டம் பார்த்துவிட்டேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

குளிருக்கு முன்னால் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை யாருமே எதிர்பார்ப்பதில்லை. இந்த மைதானத்தில் ஹோம் பிளேட் (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) மேற்கு மூலையில் இருக்கிறது, பேட்டர் கிழக்கே பார்த்து நிற்பார். நீங்கள் ரைட் ஃபீல்டில் உட்கார்ந்து ஹோம் பிளேட்டைப் பார்த்தால் சாயங்கால வெயில் நேராக உங்கள் கண்ணில் விழும். இந்த மாதம் சூரியன் மறைய எட்டு மணிக்கு மேலாகும். அது எதிர்ப்பக்க மேல்தட்டுக்குப் பின்னால் இறங்கும் வரை பந்து எறியும் பிட்சர் கையிலிருந்து பந்து கிளம்புவதே தெரியாது. அப்பாவுக்கு முன்விளிம்பு உள்ள தொப்பி கட்டாயம்.

வெயில் போன அடுத்த நிமிஷம் குளிர் ஆரம்பிக்கும். கடைக்குப் போகும்போது போடுகிற ஜாக்கெட் போதாது. ஜனவரியில் போடுவதையே எடுங்கள், வெயில் இருக்கும் வரை கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். காலுக்கு ஒரு போர்வை. இருக்கையில் போட மடித்த துண்டு ஒன்று, கீழிருந்து ஏறுகிற குளிர்தான் முழங்காலைப் பிடிக்கும். நடைபாதையில் சில இடங்களில் மேலே ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். டோம் போலச் சுவர் மறைக்காது, அங்கே நின்றபடியே ஆட்டத்தைப் பார்க்கலாம். நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் அப்பாவை எழுப்பி அங்கே நடக்க வைத்துக் கூட்டி வாருங்கள்.

இன்னொன்று: உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் சுவர் 23 அடி. டோமில் அதே ரைட் ஃபீல்டில் தொங்கிய துணிச்சுவரின் அதே உயரம். சுவரை ஒட்டி விழும் பந்து உங்களுக்குத் தெரியாது, ஆட்டக்காரர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ரயில்பாதை:

ப்ளூமிங்டன் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹயவாதா ரயில்தான். மால் ஆஃப் அமெரிக்காவில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏற அனுமதி இல்லை. 28-வது அவென்யூ நிலையத்தில் அதற்கென்றே வாகன நிறுத்தம் இருக்கிறது, ஃபோர்ட் ஸ்னெல்லிங்கிலும் உண்டு. ரயில் மைதான வாசலிலேயே இறக்கிவிடும்.

திரும்பும்போதுதான் பலர் தப்புச் செய்கிறார்கள். மைதான நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த நிலையத்துக்கு நடந்து போகிறார்கள். ரயில் கிளம்புவதே மைதானத்திலிருந்துதான், அடுத்த நிலையத்துக்கு வரும்போது நிற்கக்கூட இடம் இருக்காது. வரிசையிலேயே நில்லுங்கள், அப்பாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

வடகரை:

தப்பாக நினைக்காதீர்கள், 68 வயதுக்காரரை மே மாத இரவில் கூட்டிப் போவது தேவையா? டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிட்டு ஜூன் கடைசியில் ஒரு பகல் ஆட்டம் பாருங்கள். ஏப்ரலில் என் மாமனாரைக் கூட்டிப் போய் மூன்றாவது இன்னிங்ஸில் திரும்பி வந்தோம். அவருக்கு ஒரு வாரம் சளி. அப்போது எனக்கு யாரும் எச்சரிக்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

செயின்ட் பால் அக்கா:

வடகரை சொல்வதில் நியாயம் இருக்கிறது தம்பி, ஆனால் ஏப்ரல் வேறு மே வேறு. என் அம்மாவை நான் போன வாரம் கூட்டிப் போனேன், ஒன்பது இன்னிங்ஸும் இருந்தார். வித்தியாசம் சூடான வயிறுதான். ஃபிளாஸ்கில் மிளகு ரசம் எடுத்துப் போனோம். வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள், சாப்பாட்டை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம். உள்ளே சைவத்துக்கு வேர்க்கடலை, பாப்கார்ன், பிரெட்சல் கிடைக்கும். ஆனால் அப்பாவுக்கு இட்லியைப் பொடி தடவிக் கட்டிக்கொள்வதே உத்தமம்.

மழை விஷயம். ஐந்து இன்னிங்ஸ் முடிந்த பிறகு மழையால் நிறுத்தினால் அது முழு ஆட்டமாகக் கணக்கு, டிக்கெட் செல்லுபடி முடிந்தது. ட்வின்ஸ் முன்னணியில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும். அதற்கு முன்பே கைவிட்டால் மறுபடி நடத்தும் தேதிக்கு அதே டிக்கெட்டில் போகலாம், அதனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், மழைக்கோட்டு எடுங்கள்.

கேட் எண்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 3, 6, 14, 29, 34 என்று தாறுமாறாக இருக்கும். எல்லாம் ட்வின்ஸ் பழைய வீரர்களின் சட்டை எண்கள்: கில்லிப்ரூ, ஒலிவா, ஹர்பெக், கேரூ, பக்கெட். உங்களுக்கு 34 தான் பக்கம், ரொம்ப ஏற வேண்டியிருக்காது. ரயிலடியிலிருந்து கொஞ்சம் சுற்றி நடக்க வேண்டும், அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. வடகரை, உங்கள் பேச்சைக் கேட்டு அப்பாவிடமே கேட்டேன். "குளிருக்குப் பயந்தா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். போகிறோம். விதிகளை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

ட்வின்ஸ்91:

எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லாதீர்கள். மூன்று பேர் அவுட் ஆனால் பக்கம் மாறும், பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல், நாலு தளமும் சுற்றி வந்தால் ஒரு ரன். இவ்வளவு போதும், மீதியை அவரே கேட்பார். ட்வின்ஸ் வீரர் ஜோ மாவரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். செயின்ட் பாலில் பிறந்த பையன், மார்ச்சில்தான் எட்டு வருடத்துக்கு 18.4 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு ஊரிலேயே இருந்துவிட்டார். நம் அப்பாக்களுக்கு அந்தக் கதை பிடிக்கும்.

மலைக்கோட்டை (ஒன்பது நாள் கழித்து):

போய் வந்தோம். கேட் 34 பக்கம் பக்கெட் சிலையைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். 1991 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், 11-வது இன்னிங்ஸ், ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்துக் கையை ஆட்டிக்கொண்டே ஓடும் நிலை. யார் இவர் என்று கேட்டார், சொன்னேன். பிறகு சுவரின் மஞ்சள் சுண்ணாம்புக்கல்லைத் தடவிப் பார்த்தார். மான்கேட்டோ பக்கத்திலிருந்து வந்த கல் என்றேன். வெயில் பட்ட பக்கம் சூடாக இருந்தது, அங்கேயே கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

தொப்பி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. முதல் இரண்டு இன்னிங்ஸ் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குளிர் வந்தது. போர்வை, துண்டு, ரசம் மூன்றும் காப்பாற்றின. நடுவில் ஒரு தடவை நடைபாதைக்குப் போய் ஹீட்டர் அடியில் நின்று பார்த்தோம்.

ஹோம் பிளேட்டுக்கு நேர் எதிரே, சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் வரிசையாகக் கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் நட்டிருக்கிறார்கள் அல்லவா, எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. அப்பா ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பது போலிருந்தது. போரடிக்கிறதோ என்று எனக்குக் கவலை. ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் பக்கம் உயரமாக ஒரு பந்து வந்தது, சுற்றி எல்லோரும் ஹோம் ரன் என்று எழுந்துவிட்டார்கள். அப்பா உட்கார்ந்தபடியே, "வராது, மர நுனி எல்லாம் அந்தப் பக்கம் சாயுது பாரு, காத்து எதிர்க்காத்து" என்றார். பந்து சுவருக்கு நாலடி முன்னால் பிடிபட்டது. சேப்பாக்கத்தில் சாயங்காலக் கடற்காற்று திரும்புவதைப் பார்த்து உட்கார்ந்த கண் அது. மூன்று வருடம் டோமில் பார்த்த எனக்கு அப்படிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அடுத்ததாக ஒரு பந்து நிஜமாகவே தாண்டியது. மின்னி, பால் என்ற இரண்டு கேலிச்சித்திர ஆட்டக்காரர்களும் நதிக்கு மேல் கை குலுக்கும் அந்தப் பெரிய பலகை விளக்கெரிந்தது. இந்தத் தடவை அப்பாவும் எழுந்து நின்றார். ரயிலில் உட்கார இடமும் கிடைத்தது.

ஜூலையில் திரும்பிப் போவதற்குள் ஒரு பகல் ஆட்டமும் பார்க்க வேண்டும் என்கிறார். நிழல் எந்தப் பக்கம் வரும்?

ட்வின்ஸ்91:

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல்தட்டின் கடைசி வரிசைகளை எடுங்கள். மேல்தட்டுக்கு மேல் நீளும் கூரை விளிம்பு அங்கேதான் வெயிலை மறைக்கும். படி அதிகம், லிஃப்டில் போங்கள். மரமும் அங்கிருந்து நேர் எதிரே தெரியும்.