சூரிய நமஸ்காரத்துக்கு வயது எத்தனை?

செந்தூல்வாசி:
கோலாலம்பூர் பங்சாரில் ஒரு யோகா கூடத்தின் கண்ணாடியில் ‘5,000 ஆண்டுப் பழமையான அஷ்டாங்க வின்யாசம்’ என்று ஒட்டியிருக்கிறார்கள். சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி, மூச்சோடு ஆசனங்களை அடுத்தடுத்துக் கோக்கும் தொடர் அது. ஐயாயிரத்தில் ஒரு நூறு தேறினாலே பெரிது. 1933-ல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை தொடங்கினார். பின்னாளில் யோகாவை உலகெங்கும் பரப்பிய பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவரும் அவர் மாணவர்கள். அந்தத் தொடர் அங்கே உருவானதுதான்.

பாய்க்காரி:
அண்ணே, அப்போ திருமூலர்? திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி என்று பெயர் பெயராகச் சொல்லியிருக்கிறாரே. வெள்ளைக்காரர் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு நம் சொத்தை நாமே குறைத்துப் பேச வேண்டுமா?

செந்தூல்வாசி:
திருமூலரை யார் மறுத்தது தங்கச்சி? நீங்கள் சொன்ன நாலும் உட்காரும் இருக்கைகள். மூச்சைக் கட்ட அசையாமல் உட்கார வேண்டும், அதற்குத்தான் ஆசனம். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே சூத்திரம். நாம் வகுப்பில் என்ன செய்கிறோம்? குனி, பின்னால் குதி, முழங்கையை மடக்கி உடம்பைத் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்து, நெஞ்சைத் தூக்கு. சதுரங்க தண்டாசனம் என்று பெயர் வைத்தாலும் பயில்வான் எடுக்கிற தண்டால்தானே அது? சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெல்லாம் பரப்பியவர்களில் மராட்டியப் பகுதி ஔந்து சமஸ்தானத்தின் ராஜா முக்கியமானவர். அதுவும் 1920களில்தான்.

பாய்க்காரி:
கிருஷ்ணமாச்சாரியார் தானாகக் கட்டினேன் என்று சொல்லவில்லையே. கைலாயம் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரியிடம் ஏழரை ஆண்டு படித்தேன் என்றார். அந்த முறைக்கு மூலமாக ‘யோக குருந்தம்’ என்ற ஏடும் இருந்தது.

செந்தூல்வாசி:
அந்த ஏட்டை எறும்பு தின்றுவிட்டது என்கிறார்கள். ஒரு படிகூட இல்லை லா. எறும்பையா சாட்சிக்கு அழைப்பது?

தோட்டத்துப் பேரன்:
இரண்டு பேரும் மைசூரையே சுற்றி வருகிறீர்கள். நம் மண்ணில் பத்து வருடம் இருந்துவிட்டுப் போனவரை மறந்தாச்சா? பத்தமடை குப்புசாமி 1913-ல் மலாயா வந்து, சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டர் வேலை பார்த்தார், அப்புறம் ஜொகூர் பாருவில். திரும்பிப் போய்ச் சன்னியாசம் வாங்கி ரிஷிகேசத்தில் சிவானந்தர் ஆனார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். பத்துமலையில் இருக்கும் சிவானந்த ஆசிரமம் அந்த வழிதான். அவர் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957-ல் மேற்கே கொண்டுபோன முறையில் இந்தக் குதிப்பெல்லாம் கிடையாது. சூரிய நமஸ்காரம் முடிந்ததும் பன்னிரண்டு ஆசனம், இடையிடையே மல்லாந்து படுத்துச் சவாசனம். அதுவும் இந்தக் காலத்து யோகாதான். எல்லாவற்றையும் தண்டாலில் கொண்டுபோய் முடிக்காதீர்கள்.

செந்தூல்வாசி:
சரி, அது நியாயம். என் சண்டை கண்ணாடியில் இருக்கும் அந்த எண்ணோடுதான்.

பாய்க்காரி:
எண்ணை அழிக்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனால் கையைத் தூக்கும்போது இழு, குனியும்போது விடு என்று ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு கட்டியிருக்கிறாரே கிருஷ்ணமாச்சாரியார், அதை எந்தப் பயில்வானிடம் வாங்கினார்? யோசித்து வையுங்கள் அண்ணே. எனக்கு ஆறு மணிக்கு வகுப்பு.