புது ஆரல் 9 நாளாக எதுவும் தின்னவில்லை

குழாய்க்குள் எட்டிப்பார்ப்பவன்:
வணக்கம். பீக்காக் ஈல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வால் பக்கம், முதுகுத் துடுப்பை ஒட்டிக் கண் கண்ணாக வட்டங்கள் இருக்கின்றன. நீளம் 15 சென்டிமீட்டர் இருக்கும். 150 லிட்டர் தொட்டி, கூடவே 6 டைகர் பார்ப் மீன். அடியில் சரளைக்கல், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய்.

வந்து 9 நாள் ஆகிறது. பெல்லட் போட்டேன், உறைந்த ரத்தப்புழு போட்டேன், மூக்குக்கு நேராகவே கொண்டுபோய் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கொரு தடவை குழாயைத் தூக்கிப் பார்க்கிறேன், உயிரோடுதான் இருக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். தண்ணீர் 26 டிகிரி. இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

நீர்ப்பாசி:
லைட் எரியும்போதா போடுகிறீர்கள்? அது ராத்திரியில் இரை தேடும் மீன். பூண்டுச் சாற்றில் ஊறவைத்தும் கொடுத்துப் பாருங்கள்.

பழைய ஆரல்காரி:
முதலில் அந்தக் குழாயைத் தூக்குவதை நிறுத்துங்கள் தம்பி. நீங்கள் இலையில் உட்காரும்போதெல்லாம் ஒருவர் வந்து கூரையைப் பிரித்து எட்டிப் பார்த்தால் உங்களுக்குச் சோறு இறங்குமா?

பேரில்தான் ஈல். விலாங்குக்கும் இதற்கும் உறவில்லை, இது ஆரல். கண் பார்வை மட்டு, மோப்பம்தான் எல்லாம். மூக்கு நுனியில் சதை நீண்டிருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் குழல் போல நாசி இருக்கும். அதை வைத்துத்தான் இரையைத் தேடும். காய்ந்த பெல்லட்டை அது சாப்பாடு என்றே நினைக்காது. ரத்தப்புழுவைத் தின்னும், ஆனால் பார்ப் விட்டுவைக்க வேண்டுமே! அந்த ஆறும் பந்திக்கு முந்துகிற கூட்டம்.

நான் செய்வது இதுதான். மாலையில் லைட் எரியும்போதே தொட்டியின் ஒரு மூலையில் பார்ப்களுக்கு வயிறு நிறையப் போட்டுவிடுவேன். லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மண்புழுவை நன்றாகக் கழுவி, துண்டு துண்டாக நறுக்கி, நீளமான கண்ணாடிக் குழல் வழியாக ஆரல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இறக்குவேன். நறுக்கினால்தான் வாசனை தண்ணீரில் பரவும். உங்களுடையதற்கு வாய் சின்னது, மெல்லிய புழுவாகப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த மண்ணிலிருந்து எடுக்காதீர்கள். போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட வேண்டும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

சரளைக்கல்லை எடுத்துவிட்டு 5 சென்டிமீட்டருக்கு நைஸ் மணல் போடுங்கள். ஆரல் புதைந்து கிடக்கிற ஜாதி, கல்லில் அதன் தோல் கிழிந்துவிடும். கிழிந்தால் பூஞ்சை வரும். அதற்கு மருந்து ஊற்றப் போனால் அடுத்த தலைவலி. காப்பர், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் இதற்கு ஆகவே ஆகாது.

எத்தனை நாள் தாங்கும் என்றால், நாளை எண்ணாதீர்கள், முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் சதை உருண்டையாக இருந்தால் பதற வேண்டியதில்லை. அந்த இடம் குழிந்து, முதுகு கத்தி முனையாகத் தெரிந்தால்தான் ஆபத்து.

பூண்டு நானும் போட்டுப் பார்த்தேன். வீடு மணத்ததுதான் மிச்சம்.

நீர்ப்பாசி:
என் மீன்கள் பூண்டுக்கு வந்தன அக்கா. சரி, அவை சிக்லிட், வேறு ஜாதி மீன்.

மூடி போட்டவன்:
மூடியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. என்னுடையது ஃபில்டர் குழாய் போகிற சந்து வழியாக ஏறிப் போய்விட்டது. காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்த கயிறாகக் கிடந்தது. விரல் நுழைகிற இடத்தையெல்லாம் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். அப்புறம், இரைக்கென்று குட்டி மீன் வாங்கிப் போடாதீர்கள், நோயும் சேர்ந்து வரும்.

குழாய்க்குள் எட்டிப்பார்ப்பவன்:
மணல் மாற்றி, சந்தை அடைத்து, பார்ப்களை வேறு தொட்டிக்கு அனுப்பியாயிற்று. முதல் இரண்டு ராத்திரி புழு போட்டபடியே கிடந்தது. மூன்றாம் ராத்திரி சிவப்பு டார்ச்சோடு தரையில் உட்கார்ந்திருந்தேன் (அக்கா, மன்னிக்கவும்). மணலிலிருந்து மூக்கு மட்டும் எழுந்து இப்படியும் அப்படியும் ஆடியது. புழுத்துண்டின் மேல் பட்டும் தாண்டிப் போனது. திரும்பி வந்து ஒரே இழுப்பு, காணோம். இரண்டு துண்டு தின்றது.

இப்போது ஒரு வாரமாகத் தினமும் தின்கிறது. நேற்று மண்புழுவோடு கரைத்த ரத்தப்புழுவையும் கலந்து போட்டேன், அதையும் எடுத்தது. ஆனால் குழாய்ப் பக்கமே போவதில்லை, பகலெல்லாம் மணலுக்குள்தான். குழாயை எடுத்துவிடலாமா?

பழைய ஆரல்காரி:
வேண்டாம், கிடக்கட்டும். நீங்கள் தூக்கவில்லை என்று தெரிந்தால் அதுவே திரும்பி வரும்.